அசையாமல் இருக்க வேண்டியது யார்?



விடுமுறை வந்துவிட்டால், அப்பாவின் கைபேசியை வாங்கிக்கொண்டு பூச்சிகளைப் படம் எடுக்கக் கிளம்பிவிடுகிறீர்கள். நல்ல பழக்கம்தான். ஆனால், 'கிட்டே போனாலே பறந்து விடுகிறது. கிடைத்த படமும் மங்கலாக இருக்கிறது' என்று பலரும் சலித்துக்கொள்கிறீர்கள்.

இந்தச் சலிப்பு இன்று நேற்று வந்ததல்ல. 'செல்' என்ற பெயரைத் தந்த ராபர்ட் ஹூக் பற்றிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1665-ல் வெளியான 'மைக்ரோகிராபியா' என்ற தன் நூலுக்காக, ஓர் எறும்பை நுண்ணோக்கியில் பார்த்து வரைய முயன்றார் அவர். எறும்பா சும்மா இருக்கும்? காலை மெழுகால் ஒட்டினால், உடம்பை முறுக்கியது. கடைசியில் கொஞ்சம் மதுவைக் கொடுத்து மயங்க வைத்து வரைந்தார். ஒரு மணி நேரம் கழித்து, அது திடீரென விழித்து ஓடிவிட்டதாம்!

படம் வரைய அன்று வெகுநேரம் பிடித்தது. இன்று கண் இமைக்கும் நேரம் போதும். ஆனாலும், பூச்சியைப் பிடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, விறைத்துப் போனதும் இலை மேல் வைத்துப் படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். இது தேவையே இல்லை. அசையாமல் இருக்க வேண்டியது பூச்சி அல்ல, நாம்தான்!

எப்படி என்று பார்ப்போமா?

அதிகாலையில் செல்லுங்கள். பெரும்பாலான பூச்சிகளின் உடலுக்கு வெயில்தான் சூடு தருகிறது. விடியும் நேரத்தில் தட்டான், பனித்துளிகளோடு புல் நுனியில் அப்படியே அமர்ந்திருக்கும். வெயில் ஏறிய பிறகு தேடினால், ஓடத்தான் வேண்டும்.

மெல்ல நெருங்குங்கள். தட்டானின் கண் ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான சிறு கண்கள் உள்ளன. சட்டென்ற அசைவு உடனே தெரிந்துவிடும். உங்கள் நிழல் அதன் மேல் விழக்கூடாது. பறந்துவிட்டால், துரத்தாதீர்கள். தட்டான் பெரும்பாலும் ஒரு வட்டமடித்துவிட்டு, அதே குச்சி நுனிக்கே திரும்பி வரும். ஈர மண்ணில் உப்புச்சத்தை உறிஞ்சும் பட்டாம்பூச்சிகளும் நெடுநேரம் அங்கேயே இருக்கும்.

குனிந்து, பூச்சியின் கண் மட்டத்துக்கு வாருங்கள். கிட்டே போகப் போக, படத்தில் தெளிவாக விழும் பகுதி மிகவும் குறுகிவிடும். எனவே, திரையில் பூச்சியின் கண் மேல் தொட்டு, அங்கே தெளிவைக் கொண்டு வாருங்கள். பட்டாம்பூச்சி இறக்கையை மூடியிருந்தால், கைபேசியை இறக்கைக்கு நேராகப் பிடியுங்கள்; முழு இறக்கையும் தெளிவாக விழும். மிக அருகில் போய் மங்கலாகிறதா? ஒரு சாண் தள்ளி எடுத்துவிட்டு, வேண்டிய பகுதியைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டால், கை நடுங்காது. காற்றில் செடி ஆடினால், ஓயும் வரை பொறுங்கள். ஒரு பக்கம் நிழலாக இருந்தால், ஒரு வெள்ளைத் தாளை அந்தப் பக்கம் பிடியுங்கள். அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே போதும்.

பட்டாம்பூச்சியைத் தொட்டால், விரலில் பொடி ஒட்டுகிறதே, அது என்ன தெரியுமா? அதன் இறக்கைக்கு நிறம் தரும் செதில்கள். உதிர்ந்தால், மறுபடி முளைக்காது. இறக்கை முளைத்த பின் பல பட்டாம்பூச்சிகள் வாழ்வதே சில வாரங்கள்தான். அதற்குள் தேன் குடித்து, துணை தேடி, முட்டையிட வேண்டும். நம் ஒரு படத்துக்காக அந்த நாட்களைப் பறிக்கலாமா?

பெரியவர்களிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். புதரில் கை விடாதீர்கள். குளவிக் கூட்டையும், கம்பளிப்பூச்சியையும் தள்ளி நின்றே படம் எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் நாள், இடம், செடியின் பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு வருடத்தில், உங்கள் தெருவில் எந்தப் பூச்சி எப்போது வரும் என்பதை உங்களைவிட நன்றாகச் சொல்ல ஆள் இருக்காது.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பொறுத்திருப்பவருக்கே பூச்சியும் முகம் காட்டும். நீங்கள் படம் எடுத்து முடித்ததும், அது தன் வேலையைப் பார்க்கப் பறந்து போக வேண்டும். அதுதான் நல்ல படம்!