மோட்டாரின் மூளையும் சொந்தக்காரனின் பாத்தியதையும்

ஐக்கிய அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பெடரல் கோர்ட்டு 2025-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ஒரு வழக்கைத் தள்ளுபடி செய்தது. மோட்டார் உற்பத்திக் கம்பெனிகளின் சங்கம் மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யத்தின் மீது 2020 நவம்பரில் தொடுத்த வழக்கு அது. நான்கு வருஷங்களுக்கு மேல் நடந்த இவ்வழக்கின் விஷயம் மேலெழுந்தவாரியாகப் பார்ப்போருக்கு அற்பமாகத் தோன்றக்கூடும். முழு விலை கொடுத்து வாங்கிய வண்டி பழுதுபட்டால், அதற்குள்ளிருக்கும் மின்பெட்டிகளைத் திறந்து பார்க்கவும் மாற்றவும் அதிகாரம் பெற்றவர் வாங்கியவரா, விற்றவரா என்பதே கேள்வி. சொத்துச் சட்டம் படித்த எவருக்கும் இக்கேள்வியே விபரீதமாகப் படும். ஆயினும் கேள்வி எழுந்துவிட்டது. நமது தேசத்திலும் அது எழாமலில்லை.

முதலில் விஷயத்தின் தன்மையை நேயர்கள் அறிதல் வேண்டும். இன்றைய மோட்டாரில் எஞ்சினுக்கு ஒன்று, கியருக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, கதவு விளக்குகளுக்கு ஒன்று என்று பல கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இருக்கின்றன. எஞ்சின் பெட்டியை நமது மெக்கானிக்குகள் ஈ.ஸி.எம். என்று அழைக்கிறார்கள். எந்தக் கணத்தில் எவ்வளவு எண்ணெயைப் பாய்ச்ச வேண்டும் என்பதை நிர்ணயிப்பது அதுவே. மழை வெள்ளத்தில் வண்டி மூழ்கினாலும், பாட்டரியை மாறிப் பூட்டிவிட்டாலும், முதலில் உயிர் விடுவது இத்தகைய பெட்டிதான்.

முன்காலத்தில் கார்புரேட்டர் கெட்டால் வேறொன்றை வாங்கிப் பூட்டினால் வேலை முடிந்தது. சென்னைப் புதுப்பேட்டையில் உடைத்த வண்டிகளின் சாமான்களை விற்கும் கடைகள் அந்தத் தர்மத்தின் மீதே வளர்ந்தவை. ஈ.ஸி.எம். அப்படிப் பூட்டத்தக்க சாமானன்று. அதே கம்பெனியின், அதே நம்பர் கொண்ட பெட்டியை வாங்கி வந்து மாட்டினாலும் வண்டி கிளம்பாது. வண்டியின் அடையாள எண்ணைப் பெட்டிக்குள் எழுத வேண்டும். அந்த எஞ்சினுக்கு உரிய கணக்குகளை ஏற்ற வேண்டும். டீஸல் வண்டியானால் ஒவ்வொரு இஞ்செக்டரின் தலையிலும் அச்சிட்டிருக்கும் குறியீட்டைப் புதுப் பெட்டிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் எஞ்சின் நடுங்கும், புகை தள்ளும். எழுதும்போது பாட்டரியின் வோல்டேஜ் பாதியில் இறங்கிவிட்டால் புதுப் பெட்டியும் பழைய பெட்டியின் கதியை அடையும். ஆகையால் கைதேர்ந்த மெக்கானிக்கு சார்ஜரைப் பூட்டிவிட்டே வேலையைத் தொடங்குகிறான்.

இவையெல்லாம் தொழில் நுணுக்கங்கள், கற்றவனுக்குக் கைவரும். தகராறு அடுத்த படியில் இருக்கிறது. திருட்டைத் தடுக்கும் பொருட்டு, சாவிக்குள் ஒரு சிறு மின்குறி வைத்து, அக்குறியும் வண்டிப் பெட்டிகளும் ஒரே ரகசியத்தை அறிந்திருந்தால்தான் எஞ்சின் ஓடும்படி செய்திருக்கிறார்கள். இதற்கு இம்மொபிலைஸர் என்று பெயர். பழைய வண்டிகளில் அந்த ரகசியம் வண்டிக்குள்ளேயே இருந்தது. கெட்ட பெட்டியிலிருந்து ஞாபகச் சில்லைப் பெயர்த்தெடுத்து, வேறொரு பெட்டியில் ஒட்ட வைத்து, வண்டியை ஓட்டிக் கொடுத்த தொழிலாளிகள் நம்மிடையே ஏராளம். அவர்களுடைய சாமர்த்தியத்துக்கு எந்தச் சர்வகலாசாலையும் பட்டம் கொடுக்கவில்லை. புதிய வண்டிகளிலோ, ரகசியம் கம்பெனியின் தலைமைக் காரியாலயத்துக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. மெக்கானிக்கின் கருவி அக்கம்ப்யூட்டரை அழைத்து அனுமதி பெற்றாலன்றிப் புதுப் பெட்டி வண்டியுடன் சேராது. பியட் கிரைஸ்லர் கம்பெனி 2018-ஆம் வருஷத்து வண்டிகளிலிருந்து நுழைவாயிலிலேயே ஒரு காவற்பெட்டியை வைத்தது. வோக்ஸ்வாகன் கம்பெனியும் பின்னர் அவ்வழியே சென்றது. வண்டி உமது வீட்டு வாசலில் நிற்கிறது. அதன் சாவியோ கடல் கடந்த காரியாலயத்தில் இருக்கிறது.

கம்பெனிகளின் பக்ஷத்தில் நியாயமே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். அமெரிக்காவில் இம்மொபிலைஸர் இல்லாமல் விற்கப்பட்ட கியா, ஹ்யுண்டாய் வண்டிகளை 2021 முதற்கொண்டு விடலைப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகத் திருடிய சம்பவத்தை யாவரும் அறிவர். பூட்டு இல்லாவிட்டால் நேருவது அதுவே. 2015-ல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஜீப் வண்டி ஒன்றைத் தூரத்திலிருந்தே கம்பியில்லா மார்க்கமாகக் கைப்பற்றி, நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் வேகத்தைக் குறைத்துக் காட்டினார்கள். அதன் பேரில் 14 லக்ஷம் வண்டிகளைத் திருத்தத்துக்கு அழைக்க நேர்ந்தது. ஆனால் இந்த இரண்டாவது திருஷ்டாந்தம் கம்பெனிகளுக்கே பாதகமானது. அந்த வாசலைத் திறந்து வைத்தவர் தெருமுனை மெக்கானிக்கல்லர். வண்டியைத் தமது காரியாலயத்துடன் இணைக்க விரும்பிய உற்பத்தியாளரே.

இரகசியம் என்னும் திரைக்குப் பின்னால் என்ன நடக்கக்கூடும் என்பதற்கு அதே 2015 மற்றொரு சாக்ஷியம் தந்தது. வண்டியின் சாப்ட்வேரைச் சொந்தக்காரர் திறந்து பார்க்கக் காப்புரிமைச் சட்டத்தில் விலக்கு வேண்டும் என்று அமெரிக்காவில் மனுச் செய்யப்பட்டது. புகைச் சட்டத்தை ஜனங்கள் மீறிவிடுவார்கள் என்று சொல்லி, அந்நாட்டுச் சுற்றுச்சூழல் இலாகாவே ஜூலை மாதத்தில் அதை ஆக்ஷேபித்தது. செப்டம்பர் மாதத்தில் அதே இலாகா வோக்ஸ்வாகன் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பிற்று: பரீக்ஷையின்போது மட்டும் யோக்கியமாக நடந்துகொள்ளும் சாப்ட்வேரை அக்கம்பெனி டீஸல் வண்டிகளில் ஒளித்து வைத்திருந்தது வெளியாகிவிட்டது! ஜனங்கள் திறந்தால் குற்றம் செய்வார்கள் என்று எந்தப் பெட்டியை மூடி வைக்கச் சொன்னார்களோ, அந்தப் பெட்டிக்குள்ளேயே குற்றம் இருந்தது. அவ்வருஷத்து முடிவில் விலக்கும் கிடைத்தது. 2016 முதல் சொந்தக்காரர் தாமே பூட்டைத் திறக்கலாயிற்று. 2018-ல் அவருக்காகப் பிறர் திறப்பதும் அனுமதிக்கப்பட்டது. ஆனால் திறக்கும் கருவியை விற்பதற்கு மட்டும் இன்னும் விலக்கில்லை. நீந்தலாம், தண்ணீரில் இறங்கலாகாது என்பது போன்ற சலுகை இது.

மாஸச்சூஸெட்ஸ் ஜனங்கள் இதற்கு முன்பே விழித்துக்கொண்டார்கள். ஏஜெண்டுகளுக்குத் தரும் பரிசோதனைக் கருவிகளையும் குறிப்புகளையும் தனிப்பட்ட மெக்கானிக்குகளுக்கும் நியாயமான விலைக்குக் கொடுக்க வேண்டும் என்று 2012-ல் பெருவாரியாக வோட்டளித்தார்கள். இரண்டு வருஷத்தில் கம்பெனிகளும் தேசம் முழுமைக்கும் அதே ஏற்பாட்டை ஒப்பந்தமாக ஏற்றுக்கொண்டன. பின்பு கம்பியில்லாத் தகவல் மார்க்கம் வந்து, பழைய சட்டம் அதைத் தொடாமல் நின்றது. 2020-ல் மறுபடியும் வோட்டெடுத்தார்கள். நூற்றுக்கு 75 பேர் ஆதரித்தார்கள். கோர்ட்டில் வழக்கு ஒருபுறமிருக்க, ஸுபாரு, கியா கம்பெனிகள் அந்த ராஜ்யத்தில் விற்கும் புது வண்டிகளில் கம்பியில்லாச் சேவையையே அணைத்துவிட்டன. சட்டத்துக்குக் கீழ்ப்படிவதைவிட வாடிக்கைக்காரரைத் தண்டிப்பதே அவர்களுக்கு உசிதமாகப் பட்டது போலும். மத்திய சர்க்காரின் பந்தோபஸ்து இலாகா 2023 ஜூன் மாதத்தில் இச்சட்டத்துக்குக் கீழ்ப்படிய வேண்டாம் என்று கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியது. ஆகஸ்டு மாதத்தில், வண்டிக்கு அருகில் நின்று இணையும் முறையானால் ஆக்ஷேபமில்லை என்று இறங்கி வந்தது. அந்த நவம்பரில் மெயின் ராஜ்யத்து ஜனங்களும் நூற்றுக்கு 84 பேர் வீதம் இதே தீர்மானத்தைச் செய்தார்கள்.

ஐரோப்பாவிலும் வழக்கு நடந்தது. பியட் கிரைஸ்லரின் காவற்பெட்டியைத் தாண்ட வேண்டுமானால் மெக்கானிக்கு தமது பெயரைக் கம்பெனியிடம் பதிந்துகொண்டு, சந்தாவும் கட்ட வேண்டியிருந்தது. ஒரு கண்ணாடி மாற்றும் ஸ்தாபனமும் ஒரு பழுதுபார்க்கும் ஸ்தாபனமும் இதை எதிர்த்தன. சட்டத்தில் சொல்லாத நிபந்தனைகளைக் கம்பெனி தானே புதிதாக விதித்தல் கூடாது என்று ஐரோப்பிய ஐக்கிய நீதிமன்றம் 2023 அக்டோபர் 5-ந் தேதி தீர்ப்பளித்தது. கண்ணாடி மாற்றுகிறவருக்கு இதில் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். முன் கண்ணாடியை மாற்றினால் அதன் பின்னுள்ள காமிராவைத் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. அதற்கும் அந்தக் காவற்பெட்டியின் தயவு வேண்டும்.

இனி நமது தேசத்துக்கு வருவோம். 2011-ல் ஒரு தனி மனிதர் கொடுத்த புகாரின் மேல் விசாரணை செய்த இந்தியப் போட்டிக் கமிஷன், 2014 ஆகஸ்டு 25-ந் தேதி 14 மோட்டார்க் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிச் சாமான்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளிச் சந்தைக்கு விடாமல் தடுத்து, வாங்கினவரை ஏஜெண்டின் கையில் சிறை வைத்தார்கள் என்பது கமிஷனின் முடிவு. வெளியாரிடம் ரிப்பேர் செய்தால் வாரண்டி முழுவதும் ரத்து என்று பொத்தாம்பொதுவாக விதிக்கலாகாது என்றும் கமிஷன் கண்டித்தது. டொயோட்டா, போர்டு, நிஸ்ஸான் ஆகிய மூவரின் அப்பீலில் 2016 டிசம்பர் மாதத்தில் மேல் மன்றம் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தை மட்டும் குறைத்தது. அமெரிக்க ஜனங்கள் வோட்டுப் போட்டுப் பெற்ற நியாயத்தை நமக்கு ஒரு கமிஷன் உத்தரவே கூறியிருக்கிறது. அதை அறிந்த மெக்கானிக்கு எத்தனை பேர்? அறிந்த வக்கீல்கள்தான் எத்தனை பேர்?

அந்த உத்தரவில் கருவி பேசப்பட்டது; காரியாலயக் கம்ப்யூட்டரிலுள்ள அனுமதி இன்றைய அளவுக்கு அன்று முன்னே வரவில்லை. கருவியை விற்றுவிட்டு அனுமதியை நிறுத்தி வைத்தால் உத்தரவு வெற்றுக் காகிதமாகிவிடும். இடையிலிருக்கும் ஓட்டை இதுவே.

காப்புரிமை என்னும் பூச்சாண்டியைக் காட்டி நம்மவரை மிரட்டுவதும் நடக்கிறது. 1957-ஆம் வருஷத்துச் சட்டத்தை எடுத்துப் படிக்கட்டும். 52-வது பிரிவின்படி, கம்ப்யூட்டர் புரோகிராமை நியாயமாகக் கையில் வைத்திருப்பவர், அது எந்தக் காரியத்துக்காக அளிக்கப்பட்டதோ அக்காரியத்துக்குப் பயன்படுத்தும் பொருட்டுப் பிரதி எடுக்கலாம். நஷ்டத்துக்கும் அழிவுக்கும் காப்பாகவும் பிரதி எடுக்கலாம். கெட்டுப்போன பெட்டியிலிருந்த புரோகிராமை மாற்றுப் பெட்டியில் ஏற்றி அதே வண்டியை ஓட்டுவது இதற்குள் அடங்குமென்பது நமது அபிப்பிராயம். 2012-ல் சேர்க்கப்பட்ட 65-ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்பவனையே தண்டிக்கிறது. சட்டம் விலக்காத காரியத்துக்காகத் திறப்பவனை அது தொடாது. இவ்விஷயத்தில் நமது சட்டம் அமெரிக்கச் சட்டத்தைக் காட்டிலும் விவேகமானது. ஆனால் எஞ்சினின் கணக்கையே மாற்றி வேகத்தைக் கூட்டிப் புகையை அவிழ்த்து விடுகிறவர்கள் இந்த வாதத்தில் ஒதுங்க இடம் தேட வேண்டாம். பழையதைப் பழையபடி நிறுவுவது வேறு. மாற்றிக் கெடுப்பது வேறு.

திருட்டுச் சாவி விஷயத்துக்கும் வழி உண்டு. அமெரிக்காவில் பூட்டுத் தொழிலாளர்களும் மெக்கானிக்குகளும் தங்கள் பூர்வோத்தரங்களைச் சோதித்துப் பதிவு பெறுகிறார்கள்; அவர்கள் பெறும் ஒவ்வொரு சாவிக் குறியும் கணக்கில் ஏறுகிறது. ஐரோப்பாவிலும் அத்தகைய ஏற்பாடு வந்திருக்கிறது. பதிவுப் புஸ்தகம் கம்பெனியின் கையில் இல்லாமல் பொது ஸ்தாபனத்தின் கையில் இருப்பதே இதில் கவனிக்கத்தக்கது.

நமது மத்திய சர்க்கார் 2022 ஜூலை மாதத்தில் ரிப்பேர் உரிமை பற்றி ஒரு கமிட்டியை நியமித்து, விவசாயக் கருவிகள், கைபோன்கள், வீட்டுச் சாமான்கள் ஆகியவற்றோடு மோட்டார்களையும் அதன் கவனத்துக்கு விட்டது. அவ்வருஷ முடிவில் இணைய வாசலும் திறந்து வைத்தார்கள். கம்பெனிகள் தாமே கொடுக்கச் சம்மதித்த விவரங்கள் அதில் தொகுக்கப்படுகின்றன. விவரம் கொடுக்காதவரை என்ன செய்வது என்பதற்கு அதில் பதிலில்லை. இதற்காகப் புதுச் சட்டம் வேண்டுமென்று பார்லிமெண்டின் சாவகாசத்துக்குக் காத்திருக்க வேண்டியதுமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-வது பிரிவு, வண்டியின் அமைப்பு, சாதனங்கள், பராமரிப்பு மூன்றைப் பற்றியும் விதி செய்ய மத்திய சர்க்காருக்கு அதிகாரம் அளித்திருக்கிறது. மாற்றுப் பெட்டியை வண்டியுடன் சேர்ப்பதற்கு வேண்டிய அனுமதியை, பதிவு பெற்ற எந்த மெக்கானிக்குக்கும் ஏஜெண்டுக்குத் தரும் அதே கட்டணத்தில், அதே நாளில் தர வேண்டும் என்று ஒரு விதியை அப்பிரிவின் கீழ் இயற்றிக் கெஜட்டில் வெளியிடுவதற்கு எந்த ஆக்ஷேபம் இருக்கிறதென்று போக்குவரத்து இலாகா சொல்லட்டும்.