நூறு வெள்ளியில் மலாக்கா

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் எங்கள் புக்கிட் பெருவாங் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்துவிடும். மலாக்காவில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை தெரியும். நம் வீடுதான் உறவினர்களுக்கு வாடகையில்லாத ஹோம்ஸ்டே!

இந்த முறை கோலாலம்பூரிலிருந்து அண்ணன், அண்ணி, நான்காம் ஆண்டு படிக்கும் அவர்கள் மகள் மூவரும் வந்தார்கள். பையைக் கீழே வைக்கும் முன்பே அண்ணன் சொன்னார்: "ஏம்மா, இந்த மாசம் காடி ரிப்பேருக்கே ஆயிரம் வெள்ளி போயிருச்சு. பிள்ளைக்கு ஊரைக் காட்டணும். ஆனா கைக்காசு கரையக்கூடாது."

போன தடவை நடந்தது எனக்கும் நினைவிருக்கிறது. கோபுரம், படகு, பாட்டை அலறவிடும் திரிஷா என்று சுற்றி, பிற்பகலுக்குள் இருநூறு வெள்ளி போய்விட்டது. மிஞ்சியது கைப்பேசியில் படங்கள்தான். "நாலு பேருக்கும் சாப்பாட்டோட சேர்த்து நூறு வெள்ளி. அதுக்கு மேல போனா என் காசு" என்று பந்தயம் கட்டினேன்.

காலை ஏழரைக்கெல்லாம் பசியாறக் கிளம்பினோம். ரொட்டி சானாய், தே தாரேக், பிள்ளைக்கு மைலோ. 22 வெள்ளி. வெயில் ஏறுவதற்குள் செயின்ட் பால் குன்றில் ஏறிவிட வேண்டும் என்பதுதான் இந்த ஊரில் முதல் பாடம். மேலே போக கட்டணம் இல்லை. 1521இல் போர்த்துகீசியர் கட்டத் தொடங்கிய தேவாலயம் இப்போது கூரையில்லாமல் நிற்கிறது. உள்ளே சுவரோரம் பழைய கல்லறைக் கற்கள். அங்கிருந்து பார்த்தால் மலாக்கா நீரிணை தெரியும்.

கீழே இறங்கினால் ஆ ஃபமோசா கோட்டை வாசல். இதற்கும் காசில்லை. வானொலிக் குரலில் விளக்க ஆரம்பித்தேன். 1511இல் போர்த்துகீசியர், 1641இல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர். அவர்கள் 1807இல் கோட்டையை இடித்தபோது தப்பியது இந்த ஒரு வாசல்தான்.

மருமகள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரு கேள்வி.

"எல்லாரும் கப்பல்ல வந்திருக்காங்க. நம்ம ஆளுங்க மட்டும் பால்மரம் வெட்டத்தான் வந்தாங்களா, அத்தை?"

எங்கள் தாத்தா பால்மரம் வெட்டியவர்தான். அதில் எங்களுக்குப் பெருமையே தவிர வெட்கமில்லை. ஆனால் நம் கதை தோட்டத்தில் தொடங்கவில்லையே! சுல்தான்கள் காலத்தில் இந்தத் துறைமுகத்தில் நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைமுக அதிகாரிகள், இருந்தார்கள். அவர்களில் ஒருவரின் பொறுப்பில் நம் சோழமண்டலக் கரை வணிகர்களும் இருந்தார்கள். 1511க்குப் பிறகு போர்த்துகீசியர் பெண்டஹாரா பதவி கொடுத்தது நைனா செட்டு என்ற இந்து வணிகருக்கு.

இதையெல்லாம் நின்றுகொண்டே சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படி ஏறும்? "வா, காட்டுறேன்" என்று ஆற்றைக் கடந்து ஜாலான் துக்காங் எமாசுக்கு நடத்திக்கொண்டு போனேன். பொற்கொல்லர் தெரு என்று பொருள். அங்கே இருக்கிறார் ஸ்ரீ பொய்யாத விநாயகர். டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் 1781இல் மலாக்கா செட்டிகள் கட்டிய கோயில். சில அடி தள்ளி 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். 'கிளிங்' என்று இன்று யாராவது நம்மைச் சொன்னால் கோபம் வரும். அன்று அது நம் கரையிலிருந்து வந்தவர்களுக்கு வழங்கிய சாதாரணப் பெயர். இன்னும் கொஞ்சம் நடந்தால் செங் ஹூன் தெங் சீனக் கோயில். ஒரே தெருவில் மூன்று மதம், செலவு பூஜ்யம். தோளும் முழங்காலும் மறையும் உடை மட்டும் போட்டுக்கொண்டு போங்கள்.

லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு 48 வெள்ளி. பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு காஜா பெராங்கில் உள்ள செட்டி கிராமத்துக்குப் போனோம். மலாக்காவுக்கு வந்த தமிழ் வணிகர்கள் இங்குள்ள பெண்களை மணந்து உருவான சமூகம் அது. வீட்டில் மலாய் பேசுகிறார்கள். பெண்களின் மரபு உடை கெபாயா. ஆனால் சைவ சமயத்தை விடவில்லை. பொங்கலுக்கு முதல் நாள் போகியன்று, முன்னோருக்கு வாழையிலையில் படைக்கிறார்கள். 1822இல் எழுந்த முத்து மாரியம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது. சிறிய அருங்காட்சியகமும் உண்டு. திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

கோயில் பக்கத்தில் ஒரு பெரியம்மா மருமகளின் கன்னத்தைத் தட்டி, எந்தப் பள்ளி, என்ன வகுப்பு என்று மலாயில் விசாரித்தார். வண்டியில் ஏறியதும் பிள்ளை சொன்னாள்: "பார்க்க நம்ம பாட்டி மாதிரியே இருந்தாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "மொழி போனாலும் பொங்கல் போகாதா, அத்தை?"

மைக் முன்னால் எனக்குப் பதில் தடைப்பட்டதே இல்லை. அன்று தடைப்பட்டது. தமிழ் பேசித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். அண்ணன் வீட்டிலோ இப்போது ஆங்கிலம்தான் அதிகம். ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் எதுவும் பேசவில்லை. "செண்டோல் சாப்பிடலாமா?" என்று அண்ணிதான் எங்களைக் காப்பாற்றினார். அது 18 வெள்ளி.

மாலையில் ஆற்றங்கரையில் நடந்தோம். சுவர் ஓவியங்களைப் பார்க்க யாரும் சீட்டுக் கேட்பதில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் ஜோங்கர் சந்தையும் உண்டு. வேடிக்கை பார்க்க மட்டும் என்று பிள்ளைகளிடம் முன்பே பேசிவிடுங்கள்! திரிஷா ஆசை இருந்தால், ஏறும் முன் விலையைப் பேசி முடியுங்கள். மறுநாள் காலை எங்கள் புக்கிட் பெருவாங் குன்றில் ஏறினோம். வியர்வை மட்டும்தான் செலவு.

கணக்கு: 88 வெள்ளி. பந்தயத்தில் நான் ஜெயித்தேன்.

போன வாரம் அண்ணி அழைத்தார். இப்போதெல்லாம் இரவுச் சாப்பாட்டு மேசையில் தமிழ் மட்டும்தானாம். விதி போட்டது பிள்ளை. அதிகம் தடுமாறுவது அண்ணன்!

இந்த விடுமுறைக்கு மலாக்கா வருகிறீர்களா? கோட்டை வாசலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே ஆற்றைக் கடந்து துக்காங் எமாசுக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். நடந்தே போகலாம்.