மூப்பா, சுமையா?

டிசெம்பர்ப் பூரணையோடு சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கிவிட்டால், நமது நல்லதண்ணிக்கு இரவென்பதே இல்லை. விடிய விடிய மலையேறுவோரைப் பார்த்திருப்பது நமது நெடுநாள் வழக்கம். எழுபது வயதுப் பாட்டி ஒருவர், கையில் ஒரு சிறு முடிச்சோடு, ஒரே நடையாக ஏறிச் செல்கிறார். இருபது வயது வாலிபனோ, முதுகை அழுத்தும் பெரும் பையோடு பாதி வழியிலேயே மூச்சிரைக்க உட்கார்ந்துவிடுகிறான். "அந்த மூட்டையைக் கீழே கடையில வச்சிட்டு வந்திருக்கலாமே, தம்பி!" என்று சொல்லிக்கொண்டே பாட்டி அவனைக் கடந்து போகிறார்.

அந்தப் பாட்டியின் சொல்லை நாம் நெடுங்காலம் கேட்டிருந்தும், அதன் பொருளை உணர்த்தியது ஒரு பழைய மடிக்கணினி என்றால் நேயர்கள் நகைக்கக் கூடும். நடந்ததைக் கூறுகின்றோம்.

உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, கொழும்பில் வேலை செய்யும் மாமா கொடுத்ததென்று, ஒரு மடிக்கணினியை நம்மிடம் கொண்டுவந்தாள். நினைவகம் இரண்டு ஜிகாபைட். பொத்தானை அழுத்தித் தேநீர் ஊற்றிக் குடித்து முடித்தும் திரை தெளியவில்லை. "இதற்கு வயதாகிவிட்டது, மகள். புதிதொன்று வாங்குவதே நல்லது" என்றோம். "சரி, சேர்" என்று போய்விட்டாள். அவளுடைய தாயார் கொழுந்து பறிப்பவர். புதிய மடிக்கணினியின் விலை அந்த வீட்டுக்குப் பல மாத வருவாய் என்பதை, அவள் லயத்துப் பாதையில் இறங்கி மறைந்த பின்னரே எண்ணினோம். சில நாட்களில் அதனைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். நமது அவசரத் தீர்ப்பு அவ்வளவு தூரம் சென்றுவிட்டது!

கணினி ஏன் தளர்கிறது? நினைவகத்தை ஒரு மேசையாகக் கொள்ளுங்கள். வேலை செய்யும் நூல்களெல்லாம் அதன்மேல் இருந்தால் கை எட்டியவுடன் எடுக்கலாம். மேசை நிறைந்துவிட்டாலோ, ஒவ்வொரு நூலுக்கும் அடுத்த அறையின் அலமாரிக்கு ஓட வேண்டும். வன்வட்டுதான் அந்த அலமாரி. காலந்தோறும் பெருத்துவரும் இயங்குதளம் மேசையின் பெரும்பகுதியைத் தானே அடைத்துக்கொள்கிறது. மேசை தேயவில்லை; பாரமே கூடிற்று. போதாக்குறைக்கு, 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11 குறைந்தது நான்கு ஜிகாபைட் நினைவகமும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. பழைய கணினிகளுக்கு அந்தக் கதவு அடைபட்டதாகவே கொள்ளலாம்.

ஆனால் வேறொரு கதவு 1991 முதலே திறந்து கிடக்கிறது. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தமது இருபத்தோராம் வயதில் எழுதத் தொடங்கிய லினக்ஸே அது. யாரும் பெறலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம் என்பது அதன் நெறி. நமது நாட்டிலேயே, ஃபெடோராவை அடியாகக் கொண்டு ஆக்கப்பட்ட ஒரு லினக்ஸுக்குக் கண்டியருகே உள்ள ஹந்தானை மலையின் பெயரைச் சூட்டினர். தமிழகத்தில் 2011 முதல் மாணவருக்கு அரசு வழங்கிய மடிக்கணினிகளில், விண்டோஸோடு பாஸ் என்னும் இந்திய லினக்ஸும் பதிந்து வந்தது.

லினக்ஸிலும் கனத்தவை உண்டு, இலேசானவை உண்டு. எல்.எக்ஸ்.கியூ.டி. போன்ற எளிய முகப்புடைய டெபியனோ லுபுண்டுவோ பழைய கணினிக்கு ஏற்றவை. ஹற்றனில் உள்ள நண்பர் ஒருவர் இணையத்திலிருந்து இறக்கி, ஒரு பென் டிரைவில் எழுதித் தந்தார். இதில் ஒரு நன்மை உண்டு. வன்வட்டைத் தொடாமலே, பென் டிரைவிலிருந்து கணினியை இயக்கிப் பார்க்கலாம். ஒலி கேட்கிறதா, வைஃபை பிடிக்கிறதா என்று சோதித்துத் திருப்தியுற்ற பின்னர் நிறுவினாற் போதும்.

இங்கே நமது பேதைமை ஒன்றையும் ஒளியாது கூறுதல் வேண்டும். மாணவியின் கணினியைத் தொடுமுன் நமது கணினியில் ஒத்திகை பார்த்தோம். "வட்டு முழுவதையும் அழித்து நிறுவுக" என்னும் தெரிவை வாசியாமலே அழுத்தினோம். பத்தாண்டு வினாத்தாள்கள் ஒரு நொடியில் மறைந்தன! ஆகவே, முதலில் கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். 32 பிட் கணினியாயின் இன்னும் விசாரித்துச் செய்யுங்கள். 2025 ஓகஸ்டில் வெளியான டெபியன் 13, அத்தகைய கணினிகளிற் புதிதாக நிறுவும் வசதியைக் கைவிட்டுவிட்டது. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள், அவ்வெழுத்துரு இல்லையேல் புரியாத குறிகளாகவே தோன்றும். யுனிகோட் தமிழுக்கு அத்தொல்லை இல்லை.

இனி அந்த மாணவியின் கணினிக்கு வருவோம். இரும்புக்காரர் வருமுன் நாம் லயத்துக்குப் போய்விட்டோம். பிரதி எடுக்க வேண்டியவற்றை எடுத்து, ஒரு மாலைப் பொழுதில் நிறுவி முடித்தோம். இப்போது அது ஒரு நிமிடத்துக்குள் விழித்துக்கொள்கிறது. கடந்தகால வினாத்தாள்களை வாசிக்கிறாள். லிப்ரே ஆபிஸில் தமிழிற் கட்டுரை எழுதுகிறாள். உலாவியிற் பல பக்கங்களை ஒருங்கே திறந்தால் இன்னும் திணறும். காணொளி வகுப்பில் மூச்சு வாங்கும். இறந்த மின்கலத்தை எந்த லினக்ஸும் எழுப்பாது. இளமையைத் திருப்பித் தரும் மாயம் அன்று இது. வேண்டாத பாரத்தை இறக்கும் வேலை.

சென்ற வாரம் அவள் அந்தப் பென் டிரைவை இரவல் கேட்டாள். "பக்கத்து லயத்துத் தங்கச்சிக்கிட்டயும் ஒரு பழசு இருக்கு, சேர். நானே போட்டுக் கொடுக்கிறேன்" என்றாள். வட்டை அழிக்கும் தெரிவைப் பற்றி நாம் எச்சரிக்க வாய் திறந்தோம். "முதல்ல பிரதி எடுக்கணும். தெரியும், சேர்!" என்று சிரித்துக்கொண்டே இறங்கி ஓடினாள்.

நேயர்களே, உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு பழைய மடிக்கணினி உறங்கக் கூடும். அதனை மூப்பு என்று எறியுமுன், அதன் முதுகில் இருக்கும் மூட்டையை ஒருமுறை இறக்கிப் பாருங்கள்.