அவசரம் குழந்தைக்குத்தான், நமக்கு வேண்டாம்

சென்ற பிப்ரவரியில் என் மகள் விளையாட்டுப் பள்ளி ஒன்றின் சேர்க்கைப் படிவத்தோடு வந்தாள். அதில் ஒரு வரி: ‘குழந்தை டயப்பர் இல்லாமல் இருக்கப் பழகியிருக்க வேண்டும்.’ பேரனுக்கு அப்போது இரண்டு வயது நான்கு மாதம். ஜூனில் பள்ளி திறப்பு. மகளும் மருமகனும் ஒரு சனிக்கிழமை டயப்பர் பொட்டலங்களைப் பரணில் ஏற்றிவிட்டு, பச்சை பிளாஸ்டிக் ‘பாட்டி’ (potty) ஒன்றை வாங்கிக் கூடத்தில் வைத்தார்கள். தஞ்சாவூரிலிருந்து என்னையும் வரவழைத்தார்கள்.

வீட்டில் இப்போது இரண்டு பாட்டிகள். “பாட்டி!” என்று அவன் கத்தினால், வேண்டியது நானா அந்தப் பச்சைப் பாட்டியா என்று யாருக்கும் தெரியாது. ஒன்றைத் தூக்கிக்கொண்டு இன்னொன்று ஓடும்.

முதல் நாள் பதினொரு முறை தரை துடைத்தோம். பாட்டியில் இருபது நிமிடம் உட்கார்ந்திருப்பான், ஒன்றும் வராது. எழுந்து திரைச்சீலைக்குப் பின்னால் போய் அசையாமல் நிற்பான். அவ்வளவுதான், அங்கேயே முடிந்திருக்கும். மூன்றாம் நாள் மாலை மகளின் குரல் உயர்ந்தது. நான் குறுக்கே போய் நின்றேன். அந்தக் குரலை எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் அது என்னுடையது.

1986இல் நான் பள்ளி ஆசிரியை. காலை ஏழரைக்குப் பேருந்து. அதற்குள் என் மகன் ஆய் போயாக வேண்டும். போகாவிட்டால் தொடையில் ஒன்று விழும். இரண்டு வயதுக் குழந்தை அடக்கக் கற்றுக்கொண்டான். ஐந்து நாள் போகவில்லை. மருத்துவர்தான் விளக்கினார்: அடக்கினால் மலம் இறுகும், இறுகினால் வலிக்கும், வலிக்குப் பயந்து இன்னும் அடக்கும். “அடிச்சு வரவழைக்கிற விஷயமாம்மா இது?” என்று கேட்டார். சரியாகப் பல மாதம் ஆனது. கொய்யாப்பழமும் ஊறவைத்த உலர்திராட்சையும் பாதி வேலை செய்தன. மீதி, நான் கையை அடக்கிக்கொண்டது.

என் அம்மா எங்களை வளர்த்த விதம் வேறு. காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் சற்று விலக்கி, அதன்மேல் குழந்தையை உட்காரவைத்து, வாயால் ‘ஸ்ஸ்ஸ்’ என்பாள். ஐந்தாறு மாதத்திலேயே. கொல்லையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. அதைக் காட்டி இன்றைய பெண்களைக் குறைசொல்ல மாட்டேன். அம்மாவுக்குக் கொல்லை இருந்தது, பகல் முழுக்க வீட்டில் மூன்று பெண்கள் இருந்தார்கள். என் மகள் இருப்பது வேளச்சேரியில் நான்காவது மாடியில். காலை ஒன்பதரைக்கு அவளுக்கு அலுவலக அழைப்பு. டயப்பர் இல்லாவிட்டால் அவளால் சமாளித்திருக்க முடியாது.

உடம்புக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1962இல் 1,170 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவரவர் போக்கில் விட்டுப் பழக்கிய பிள்ளைகள் அவர்கள். பகலில் பழகிய சராசரி வயது 28.5 மாதம். சராசரி என்றால் அதற்குப் பின்னால் பழகியவர்களும் ஏராளம் என்றுதான் பொருள். இரவு இன்னும் தாமதமாகும். ஐந்து வயதுவரை படுக்கையை நனைப்பதை மருத்துவர்கள் நோயாகவே கருதுவதில்லை. என் பேரனுக்கு அப்போது 28 மாதம். அவன் எந்த விதத்தில் பிந்திவிட்டான்?

அவனுக்கு ரயில் என்றால் உயிர். பச்சைப் பாட்டியைத் தஞ்சாவூர் ஜங்ஷன் ஆக்கினேன். காலுக்கடியில் ஒரு முக்காலி, அதுதான் நடைமேடை. முதலில் அவனுடைய துணி யானையை உட்காரவைத்து அறிவிப்பேன்: “பயணிகளின் கனிவான கவனத்திற்கு! உச்சா எக்ஸ்பிரஸ் இன்னும் சற்று நேரத்தில் முதலாவது நடைமேடைக்கு வந்து சேரும்.” இரண்டு நாளில் யானையைத் தள்ளிவிட்டு அவனே உட்கார்ந்தான். தரையில் போய்விட்டால், “வண்டி வழியிலேயே நின்னுடுச்சு பாட்டி” என்று துணியை அவனே எடுத்து வருவான். ஃபிளஷ் சத்தத்துக்குப் பயம்; அதனால் கதவோரம் நின்று “டாட்டா ஆய்” சொல்வதோடு அவன் வேலை முடியும். சிரிப்பு வந்த இடத்தில் பயம் தளர்ந்தது, பயம் தளர்ந்ததும் உடம்பும் தளர்ந்தது. ஏப்ரலில் காய்ச்சல் வந்து பத்து நாள் எல்லாம் தலைகீழாகப் போனது. மறுபடி முதலிலிருந்து அறிவித்தேன்.

மே கடைசியில் பகலில் தானே சொல்ல ஆரம்பித்துவிட்டான். இரவில் இன்றும் டயப்பர்தான்.

ஜூனில் பள்ளிக்குப் போனான். மூன்றாம் நாள் பதினொரு மணிக்குத் தொலைபேசி: “நனைச்சுட்டான், வந்து கூட்டிட்டுப் போங்க.” நான் போனபோது வகுப்புக்கு வெளியே, ஈர நிக்கரோடு தனியாக நின்றுகொண்டிருந்தான். அவன் பையில் மாற்று நிக்கர் இருந்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை. அதன்பின் இரண்டு நாள் வீட்டில் ரயில் வரவே இல்லை. கேட்டால் தலையைக் குனிந்துகொண்டான். நான்கு மாத உழைப்பு வீணானதைவிட எனக்கு அந்தக் குனிந்த தலைதான் பொறுக்கவில்லை.

தஞ்சாவூரில் எங்கள் தெரு அங்கன்வாடிக்கு இரண்டு வயதுப் பிள்ளைகள் வருகிறார்கள். நனைத்தால் அங்குள்ள உதவியாளர் கழுவிவிட்டு, வேறு நிக்கர் போட்டு, மறுபடி உட்காரவைக்கிறார். கட்டணம் எதுவும் வாங்காத இடத்தில் நடக்கும் இது, ஆயிரக்கணக்கில் வாங்கும் இடத்தில் ஏன் நடக்கக் கூடாது?

விளையாட்டுப் பள்ளி நடத்துகிறவர்களிடம் கேட்கிறேன். படிவத்திலிருந்து அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், ‘பையில் இரண்டு மாற்று உடை வைத்து அனுப்புங்கள்’ என்று எழுதுங்கள். பையைத் திறந்து பார்க்க ஓர் ஆயாவைக் கூடுதலாக வையுங்கள்.