நாற்காலிக்கு சட்டம் வந்தாச்சு... செருப்புக்கு யார் பொறுப்பு? நாள் முழுக்க நிற்கும் கடை ஊழியர்கள் தவிப்பு

கள்ளக்குறிச்சி:

கள்ளக்குறிச்சி கடைவீதியில் ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை எதில் நுழைந்தாலும் "வாங்கக்கா, என்ன பாக்குறீங்க?" என்று சிரித்த முகத்தோடு வரவேற்பு கிடைக்கும். வரவேற்கும் பெண்களின் காலை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. காலையில் நின்றால் ராத்திரி ஷட்டர் இறக்கும் வரை நிற்க வேண்டியதுதான்.

கச்சிராயபாளையம் பக்கத்து கிராமங்களில் இருந்தும், கல்வராயன்மலையில் இருந்தும் வேலைக்கு இறங்கி வருபவர்களுக்கு பஸ்சிலும் உட்கார இடம் கிடைத்தால்தான் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

தொழிற்சாலையில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-வது பிரிவு சொன்னது. கடை ஊழியர்களுக்கு அந்த உரிமை கிடைக்க 73 வருஷம் ஆனது. கேரளாவில் பெண் ஊழியர்கள் போராடி 2018-ல் சட்டத்தை திருத்த வைத்தார்கள். தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன் சட்டசபையில் மசோதா கொண்டு வந்தார். 1947-ம் ஆண்டு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற புதுப் பிரிவு சேர்ந்தது.

ஆனால் அதில் ஒரு சிக்கல். வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது உட்காரலாம் என்பதுதான் சட்டம். அந்த வாய்ப்பு எப்போது என்று தீர்மானிப்பது யார்? சூப்பர்வைசர்தான்! கஸ்டமர் வரும்போது ஊழியர் உட்கார்ந்திருந்தால் மரியாதை இல்லை என்ற நினைப்பு பல முதலாளிகளுக்கு இன்னும் போகவில்லை. ஸ்டூல் மூலையில் கிடக்கும், உட்காரத்தான் பயம். ஆடித்தள்ளுபடி, தீபாவளி சீசன் என்றால் கேட்கவே வேண்டாம்.

காலுக்கு என்ன ஆகும்?

நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் அந்த வேலை நடக்காது. ரத்தம் கீழேயே தேங்கும். கால் வீங்கும். நாளடைவில் ரத்தக்குழாய் புடைத்து சுருட்டிக்கொள்ளும். இதைத்தான் 'வெரிகோஸ் வெயின்' என்கிறார்கள். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் சுரீர் என்று வலிப்பதும் இவர்களுக்கு சகஜம்.

இதில் வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் நிற்பதும், தேய்ந்துபோன ரப்பர் செருப்போடு நிற்பதும் வலியை கூட்டும். சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் ஆபத்து. பாதத்தில் உணர்ச்சி குறைந்து, புண் வந்ததே தெரியாது. அவர்களுக்கு மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு நல்லது.

எப்படி வாங்கணும்?

செருப்பை சாயங்காலம் வாங்குங்கள். கால் வீங்கியிருக்கும் நேரத்து அளவுதான் சரியான அளவு. விரல் நுனிக்கு முன்னால் கொஞ்சம் இடம் விடணும். பின்னால் வார் இருக்கணும். அடிப்பாகம் கெட்டியாகவும் உள்பாகம் மெத்தென்றும் இருக்கணும். ஹை ஹீல்ஸ் வேண்டாம். நிற்கும்போது ஒரு காலை சின்ன பலகை மேல் மாற்றி மாற்றி வைத்தாலும், குதிகாலை தூக்கி இறக்கினாலும் ரத்தம் ஓடும்.

எல்லாம் சரி, காசு? சட்டத்தில் நாற்காலி இருக்கிறது, செருப்பு இல்லை. கலர் கலராக யூனிபார்ம் தைத்துக் கொடுக்கும் கடைகளில்கூட செருப்பு ஊழியர் செலவுதான். கடைக்குள் செருப்பே கூடாது என்றால் அந்த செருப்பாலும் பிரயோஜனம் இல்லை.

இதே மாவட்டத்து உளுந்தூர்பேட்டையில்தான் நைக், அடிடாஸ் போன்ற கம்பெனிகளுக்கு ஷூ தைக்கும் தைவானின் பவ் சென் குழுமம் ரூ.2,302 கோடியில் ஆலை அமைக்க 2023 ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டது. 20 ஆயிரம் பேருக்கு வேலை என்று அறிவிக்கப்பட்டது. உலகத்துக்கே ஷூ போகப்போகும் ஊரில் கடைப் பெண்கள் வெறுங்காலோடு நிற்கலாமா?

யூனிபார்மோடு ஒரு ஜோடி நல்ல செருப்பு கொடுத்தால் முதலாளி ஏழையாகிவிட மாட்டார். கடையில் ஸ்டூல் இல்லை என்றாலோ, உட்கார விடவில்லை என்றாலோ தொழிலாளர் துறை அமலாக்கப் பிரிவில் மனு கொடுக்கலாம். ஒருத்தர் தனியாக கொடுத்தால் வேலை போகுமோ என்ற பயம் இருக்கும். நாலு பேர் சேர்ந்து கொடுத்தால் பயம் குறையும்.