பீரோவில் தூங்கும் லென்ஸ்

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்து அன்பர் ஒருவர் கேட்டார்: "சார், பையன் முழு ஃபிரேம் காமிரா வாங்கிவிட்டான். லென்ஸ் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. என்ன செய்வது?" வீட்டில் பழைய ஃபிலிம் காமிரா இருக்கிறதா என்று கேட்டேன். "இருந்தது. தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்தபோது பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டோம்" என்றார். அந்தப் பதில்தான் என்னை இதை எழுத வைத்தது.

நானும் அந்தத் தவற்றைச் செய்ய இருந்தவன்தான். 1984-ல் துபாயிலிருந்து வந்த மாமா, அப்பாவுக்கு ஒரு பென்டாக்ஸ் கே1000 கொண்டுவந்தார். செம்பூரில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை வாழ்க்கை முழுவதும் அதன் 50 மி.மீ. லென்ஸ் வழியாகத்தான் பதிவாயிற்று. ஃபிலிம் காலம் முடிந்ததும் அது பீரோவுக்குள் போயிற்று. பின்னர் ஒரு நாள் கோட்டைப் பகுதியில் ஒரு கடைக்கு எடுத்துச் சென்றேன். கடைக்காரர் உறையைக்கூடத் திறக்காமல் முந்நூறு ரூபாய் என்றார். மனம் வரவில்லை, திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய வேண்டாம் என்பதே என் கட்சி. முழு ஃபிரேம் காமிராவின் சென்சார் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். பழைய ஃபிலிமின் அளவும் அதுவேதான். ஆகவே அப்பாவின் லென்ஸ் அன்று எவ்வளவு பார்த்ததோ, இன்றும் அவ்வளவே பார்க்கும். சிறிய சென்சார் உள்ள காமிராவில் பொருத்தினால் ஓரங்கள் வெட்டுப்பட்டு, 50 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 75 மி.மீ. போல ஆகிவிடும்.

இனிப் பொருத்தும் விஷயம். ஒவ்வொரு லென்ஸும் ஃபிலிமிலிருந்து குறிப்பிட்ட தூரத்தில் இருந்தாக வேண்டும். பென்டாக்ஸ் கே வகைக்கு அது 45.46 மி.மீ. கண்ணாடி மடக்கு இல்லாத இன்றைய மிரர்லெஸ் காமிராக்களில் இந்தத் தூரம் மிகக் குறைவு: சோனி 18, நிக்கான் இசட் 16, கேனான் ஆர்எஃப் 20 மி.மீ. மீதமுள்ள இடைவெளியை நிரப்ப ஓர் உலோக வளையம் போதும். அடாப்டர் என்பது இதுதான். உள்ளே கண்ணாடி எதுவும் வேண்டாம். குடும்பத்தோடு ஒரு நாள் ஓட்டலில் சாப்பிடும் செலவுக்குள் வாங்கிவிடலாம். ஆனால் மிரர் உள்ள பழைய நிக்கான் காமிராவுக்கு 46.5 மி.மீ. தேவை. அதில் பென்டாக்ஸ் லென்ஸை வெறும் வளையத்தால் மாட்டினால் தூரத்துக் காட்சி தெளியாது. கடைக்காரர் "எல்லாம் பொருந்தும்" என்று சொன்னாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

லென்ஸையும் சோதிக்க வேண்டும். பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை; மும்பை மழைக்காலத்தின் சீதனம். தோல் உறையில் வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். காமிராவின் மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் படம் எடு' என்ற அனுமதியைக் கொடுத்தால்தான் பல காமிராக்கள் இந்த லென்ஸோடு வேலை செய்யும். நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால் 50 என்ற எண்ணையும் நாமே பதிய வேண்டும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மேடையில் ஓடியாடும் குழந்தைகளைப் பிடிக்க இது உதவாது. அங்கே தானியங்கி ஃபோகஸ்தான் சரி. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஐந்தாறு பழைய லென்ஸ்களை வாங்கிச் சேர்த்தால், அந்தப் பணத்தில் புதிய லென்ஸே வந்திருக்கும். வீட்டில் இருக்கும் ஒன்று போதும்.

அடாப்டர் வந்த அன்று காமிராவை அப்பாவிடம் கொடுத்தேன். மெனு எழுத்துகள் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் விரல்கள் வளையத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று மறக்கவில்லை. எதிரே அம்மா. எப்போதும் காமிராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்பவள். அப்பா நிதானமாகத் திருப்பிக்கொண்டே இருந்தார். "இன்னுமா ஆகலை? அடுப்பில பால் இருக்கு!" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். அந்த நொடியில் அழுத்தினார்.

அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. கூடத்தில் மாலையிட்டு மாட்டியிருப்பது அந்தப் படம்தான்.

அன்பர்களே, அடுத்த முறை பழைய சாமான்காரரைக் கூப்பிடும் முன் பீரோவின் மேல்தட்டை ஒரு தடவை பாருங்கள்.