மூன்று வருடத்துக்கு மட்டும் ஓர் ஊர்

"அங்கை போய் என்ன செய்யப்போறியள் தங்கச்சி? பியர்ஸ் மரத்தைப் பாத்துக்கொண்டிருக்கவோ?"

டண்டினோங்கில் ஒரு பிறந்தநாள் வீட்டில் இதைக் கேட்டேன். ஓர் இளம் தாதியிடம் கேட்கப்பட்ட கேள்வி. அவருக்கும் கணவருக்கும் 491 விசா கிடைத்திருக்கிறது. மெல்பேர்ண் நகரத்துக்குள் அவர்கள் குடியிருக்க முடியாது. வெளியே எங்காவது மூன்று வருடம் வாழ்ந்து, உழைத்து, வரி கட்டிக் காட்டினால்தான் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். அவருக்கு ஷெப்பார்ட்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை தயாராக இருக்கிறது. போவதா, விடுவதா என்பதுதான் யோசனை.

சுற்றியிருந்த பெரியவர்கள் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள்: ஜீலோங்கில் வீடு எடுங்கோ. அதுவும் சட்டப்படி பிராந்திய நகரம்தான். ரயிலேறினால் ஒரு மணித்தியாலத்தில் மெல்பேர்ண். சனி ஞாயிறு இங்கே வந்திடலாம். மூன்று வருடம் கண்ணை மூடித் திறக்க முடிஞ்சிடும்.

அந்தக் "கண்ணை மூடித் திறக்க" என்பதோடுதான் எனக்குச் சண்டை.

இந்த நாட்டின் சிற்றூர்களுக்கு நாங்கள் புதியவர்கள் அல்ல. வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்குப் பத்து வருடம் வரை ஆள் பற்றாக்குறையுள்ள இடங்களில்தான் மெடிக்கெயார் பணம் என்ற விதி வந்த பிறகு, எத்தனையோ தமிழ் டொக்டர்மார் கோதுமை ஊர்களிலும் மாட்டு ஊர்களிலும் இருந்திருக்கிறார்கள். தவணை முடிந்த மாதமே பலர் நகரத்துக்குப் பெட்டி கட்டினார்கள். பிறகு கலியாண வீடுகளில் அந்த வருடங்களைச் சிறைக்காலம் போலச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த ஊர்களில் அவர்களிடம் மருந்து எடுத்தவர்கள் இந்தச் சிரிப்பைக் கேட்டால் என்ன நினைப்பார்கள்?

நானும் அப்படி இருந்தவன்தான். ஷெப்பார்ட்டனில் என் பழைய விசாவுக்கு இரண்டு வருடம் போதும். இரண்டு வருடமும் மூன்று மாதமும் இருந்தேன். சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஓர் அல்பேனியக் கிழவர், பழத்தோட்டக்காரர். பெப்ரவரி வந்தால் ஒரு பெட்டி பியர்ஸ் வாசலில் இருக்கும். வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது நன்றி சொல்லுவேன். அவருடைய வீட்டுக்குள் நான் ஒருநாளும் போனதில்லை. வீடு மாறுகிற நாளில் வானில் சாமான் ஏற்றுவதைப் பார்த்துத்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது.

அவருடைய ஆட்கள் அங்கே வந்தது 1920களில், தோட்டக் கூலிகளாக. 1950களின் இறுதியில் கூடிப் பள்ளிவாசல் கட்டினார்கள்; விக்டோரியாவிலேயே மிகப் பழையதென்று சொல்லப்படுவது அதுதான். கட்டியபோது அவர்களிடம் இருந்தது, திரும்பிப் போவதில்லை என்ற முடிவும் கொஞ்சம் நிலமும்தான். "அங்கை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லை" என்று நாங்கள் சொல்வது உண்மை. வந்த ஒவ்வொருவரும் மூன்றாம் வருடம் ஓடினால் எப்படி இருப்பார்கள்?

தமிழ்ப் பள்ளிக்கூடம் என்று சொல்லுவீர்கள். என் பிள்ளைகள் பத்து வருடம் மெல்பேர்ணில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போனார்கள். இடைவேளையில் முற்றத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஒருவரோடு ஒருவர் கதைப்பது இங்கிலிஷ். தமிழ் நிலைக்கிறதென்றால் அது சாப்பாட்டு மேசையில்தான் நிலைக்கும். மேசை ஷெப்பார்ட்டனிலும் உண்டு.

இதற்கெல்லாம் அடியில் வேறொன்று இருக்கிறது, அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "படிக்காட்டில் மண்வெட்டிதான்" என்று அடித்து வளர்க்கப்பட்ட ஆட்கள் நாங்கள். வெங்காயமும் புகையிலையும் விற்ற காசில் படித்துவிட்டு, தோட்டத்தை அவமானமாக நினைக்கப் பழகினோம். கோல்பேர்ண் அணை கட்டி முடிந்தது 1891இல். அந்த வாய்க்கால் தண்ணீரில்தான் ஷெப்பார்ட்டனின் பீச்சும் பியர்ஸும் வளர்கின்றன. ஊர்க் கதை பாதி தண்ணீர் விலையைப் பற்றித்தான். இரணைமடு வாய்க்காலில் முறைத் தண்ணீருக்குக் காத்திருந்தவனுக்கு இதில் விளங்காதது என்ன?

ஊரைப் புனிதமாக்கவும் வேண்டாம். 1939இல் கும்மரகுஞ்சா குடியிருப்பின் கொடுமை தாங்காமல் யோர்ட்டா யோர்ட்டா மக்கள் மரே ஆற்றைக் கடந்து வெளியேறினார்கள். அவர்களில் பலர் ஷெப்பார்ட்டனுக்கும் மூரூப்னாவுக்கும் இடைப்பட்ட வெள்ளச் சமவெளியில் குடிசை போட்டார்கள். 1954இல் ராணி வந்தபோது அந்தக் குடிசைகள் கண்ணில் படாமல் சாக்குத்துணி கட்டி மறைத்ததை அந்த மக்கள் இன்னும் சொல்கிறார்கள். 2022 ஒக்டோபர் வெள்ளத்தில் மூரூப்னா தனித் தீவாகிப்போனது. கோடையில் வெயில் கொல்லும். விசேட வைத்தியத்துக்கு மெல்பேர்ணுக்கு ஓடவேண்டி வரலாம். கடையில் உங்களை இரண்டுமுறை பார்ப்பவர்களும் இருப்பார்கள்.

ஆனால் பிலோலாவை நினைத்துப் பாருங்கள். குயின்ஸ்லாந்தில் சில ஆயிரம் பேர் மட்டும் வாழும் ஊர். 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலை எங்கள் குடும்பம் ஒன்றை அதிகாரிகள் ஏற்றிக்கொண்டு போனார்கள். தகப்பன் அங்கே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். எங்கள் அமைப்புகள் சிலவும் உழைத்தன, மறுக்கவில்லை. என்றாலும் "எங்கள் ஊர்க் குடும்பத்தை எங்களிடம் தா" என்று நான்கு வருடம் விடாமல் கேட்டது அந்த ஊர். கிறிஸ்மஸ் தீவுவரை கொண்டுபோகப்பட்டவர்கள் 2022 ஜூனில் பிலோலாவுக்கே திரும்பினார்கள். டண்டினோங்கில் என் வீதியில் ஒரு வீட்டை அப்படி விடியலில் வெறுமையாக்கினால், எனக்குத் தெரியவர எத்தனை நாள் செல்லும் என்று யோசித்துப் பார்த்தேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

பிறந்தநாள் வீட்டில் அந்தப் பிள்ளை கடைசியில் என் பக்கம் திரும்பி, "அண்ணை, நீங்கள் அங்கை இருந்தனீங்கள்தானே, எப்பிடி?" என்று கேட்டா. "வெயில் கொஞ்சம் கூட" என்றேன். கேக் வெட்டக் கூப்பிட்டார்கள், எழும்பிப் போய்விட்டேன்.

அன்று சொல்லாததை இங்கே சொல்கிறேன். போங்கோ தங்கச்சி. ஜீலோங் வேண்டாம். ஒன்றை மட்டும் முன்கூட்டிப் பாருங்கோ: உங்கள் கணவருக்கும் அங்கே ஒரு வேலை வேண்டும். வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் ஒருவருக்கு எந்த ஊரும் சிறைதான். அந்த விஷயத்தில் பெரியவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. அவர் பழம் பதனிடும் தொழிற்சாலை ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாராம். இன்னும் பதில் வரவில்லை.